சொந்தப் பாட்டுக்கு மேடை ஏது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் திருவிழா இன்னிசைக் கச்சேரியில் பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான். ஆண்டாள் தானே பாட்டுக் கட்டிய சீமையில் இப்படி! கிதாரும் டிரம்மும் பழகிய உள்ளூர் வாலிபர்கள் சொந்தப் பாட்டை எங்கே பாடுவது?

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியது. கானாவோடு ராக், ராப் கலந்து, சாதிக் கொடுமையைச் சாடினார்கள். சொந்தப் பாட்டுக்கும் கூட்டம் கூடத்தான் செய்தது. ஆனால் அவர்களுக்குப் பக்கபலமாக டைரக்டர் பா. ரஞ்சித் இருந்தார். இந்த ஊர்ப் பையன்களுக்கு யார்?

திருவிழாக் கமிட்டியார்தான் மனம் வைக்கவேண்டும். மூன்று மணிக் கச்சேரியில் அரைமணியை இவர்களுக்கு ஒதுக்கலாம். சன்மானமும் தரவேண்டும், பொன்னாடையை வைத்துக் கிதாருக்குத் தந்தி வாங்கமுடியாது. முதல் வருஷம் சிலர் எழுந்து போவார்கள், போகட்டும். அடுத்த வருஷமும் அதே பையன்களையே கூப்பிடுங்கள்.