செய்யாத கொலைக்குக் கைது!

கொலை நடக்கும். பிறகு போலீசார் வருவார்கள். இதுதான் உலக வழக்கம். கொலைக்கு முன்பே போலீசார் வந்துவிட்டால்?

'மைனாரிட்டி ரிப்போர்ட்' என்ற விஞ்ஞானக் கதையில் அப்படித்தான் நடக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக் 1956-ல் எழுதியது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2002-ல் படமாக்கினார். படத்தில் ஊர் வாஷிங்டன்; ஆண்டு 2054. வரப்போவதைக் காணும் மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள். கொலை செய்யப் போகிறவன் பெயர் ஒரு மர உருண்டையில் வந்து விழும். உடனே போலீசார் பாய்வார்கள். தலையில் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். ஆசாமி அசையாத பொம்மை ஆகிவிடுவான்! வக்கீல் வாதாட இடமே இல்லை.

"கொலை நடக்காத ஊர் நல்லதுதானே?" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் பிடிபட்டவன், "நான் கொன்றிருக்கவே மாட்டேன்" என்கிறான். அதற்குச் சாட்சி யார்? ஓங்கிய கத்தியைக் கீழே போட்டவர்கள் எத்தனை பேர்! கோபத்தில் "கொன்றுவிடுவேன்" என்று கத்தாத வீடுதான் உண்டா?

மூவரில் ஒருவர் சில சமயம் மாற்றிச் சொல்வதும் உண்டு. கதையின் பெயரே அதுதான். அந்த மாற்றுச் சொல்லைப் படத்தில் அழித்து விடுகிறார்கள். இதுதான் பெரிய அநியாயம்.

போலீஸ் அதிகாரி ஆண்டர்டன் பெயரே உருண்டையில் வருகிறது. கொல்லப்பட வேண்டியவன் எதிரே நிற்கிறான். கையில் துப்பாக்கி. ஆண்டர்டன் சுட மறுக்கிறார். அவனைக் கைது செய்து, கைதிக்குள்ள உரிமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறார். உருண்டை சொன்னது என்ன, அவர் செய்தது என்ன!

இத்தனையும் கற்பனை. ஆனால், நிஜமான சிகாகோ நகரில் சுடக்கூடியவர், சுடப்படக்கூடியவர் என்று கம்ப்யூட்டரை வைத்து ஆட்களுக்கு மார்க் போட்டார்கள். 2019-ல் அதை நிறுத்தினார்கள். நல்ல காரியம்.