சாதியைக் கடல் கரைக்கவில்லை

மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அன்றே நம்மவர்களின் சாதி கடலில் கரைந்துவிட்டதாம். சுங்கைப் பட்டாணிக் கல்யாண மண்டபத்திலும் கூலிம் கோயில் திருவிழா மேடையிலும் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். இது பொய். வெறும் பொய்கூட இல்லை. அடிபட்டு உழைத்த ஒரு கூட்டத்தின் பலனைக் களவாடும் பொய்.

கடா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. தன் ஊருக்குப் போய், உறவிலும் அறிமுகத்திலும் ஆள் பிடித்தார். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களோடு ஊர் வழக்கமும் இறங்கியது. பல தோட்டங்களில் ஆதிதிராவிடர் லயம் தனியாக இருந்தது. விடியற்காலையில் எல்லாரும் ஒரே நிரையில் பால் வெட்டினார்கள், ஒரே தண்டலிடம் ஏச்சு வாங்கினார்கள். வேலை சில வேலிகளைத் தளர்த்தியது உண்மைதான். ஆனால் மாலையில் கோயில் வாசலுக்கு வந்தால் கணக்கு மாறிவிடும். சாமியை யார் தூக்குவது, தப்பு யார் அடிப்பது, யார் வெளியே நின்று கும்பிடுவது என்பதெல்லாம் பிறப்பை வைத்தே முடிவானது.

கடல் தாண்டினால் மனம் விடுதலை பெறும் என்ற நம்பிக்கை நம்மிடம் மட்டும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் நெருக்கடிக்குத் தப்பி, 1630இல் மாசசூசெட்சில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ன செய்தார்கள்? மாற்றுக் கருத்துச் சொன்ன ரோஜர் வில்லியம்சை வெளியேற்றினார்கள். குவேக்கர் சமயத்தவரான மேரி டையரை 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். துரத்தப்பட்ட வில்லியம்ஸ் 1636இல் உருவாக்கிய பிராவிடன்சில்தான் அவரவர் மனசாட்சிக்கு இடம் கிடைத்தது. புதிய மண் யாருக்கும் சுதந்திரத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. எதிர்த்து நின்றவர்கள் வாங்கித் தந்தார்கள்.

இங்கேயும் அப்படித்தான். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். கடாவுக்குப் பக்கத்து மண் அது. புரோகிதர் இல்லாத திருமணமும் கோயில் நுழைவும் அதன்பின் மலாயாத் தமிழரின் வாயில் அடிபடத் தொடங்கின. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு அந்தப் பேச்சைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனது. பழமையாளர் சீர்திருத்தம் பேசியவர்களைச் சாமி இல்லை என்பவர்கள், குலம் கெடுப்பவர்கள் என்று ஏசினார்கள்.

கடாவில் அந்தச் சிந்தனை தொண்டர் படையாக எழுந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி இளைஞர்களைத் திரட்டினார். இந்திய தேசிய ராணுவத்தின் ஒழுங்கும் திராவிடச் சீர்திருத்தமும் அவர்களிடம் கலந்திருந்தன. அவர்கள் குறிவைத்தது கள்ளுக்கடையை. கூலியைக் குடித்த கள், முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் படையலாகவும் இருந்த காலம் அது. அதை எதிர்ப்பது முதலாளியை மட்டுமல்ல, பக்தி என்ற பெயரில் ஊறிப்போன பழக்கத்தையும் எதிர்ப்பதாகும். 1947இல் காவல்துறை அவர்கள் மீது பாய்ந்தது. உயிர் போனது, பலர் சிறைக்குப் போனார்கள்.

கடலுக்கு நன்றி சொல்பவர்கள் இவர்களில் ஒருவரையாவது நினைக்கிறார்களா? சாதி கரைந்துவிட்டது என்று மேடையில் பேசியவரே வீட்டில் சம்பந்தம் பேசும்போது "நம்ம ஆளுங்கதானே?" என்று மெல்லக் கேட்கிறார். கும்பாபிஷேக மலர்களில் நன்கொடையாளர் படமும் பழைய தோட்டத் துரையின் பெயரும் இருக்கின்றன. பூட்டிய வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்டவர்கள் பெயர் இல்லை. அடுத்த மலரில் முதல் பக்கத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.