முதுகுக்கு ஒரு மூட்டை, இடுப்புக்கு ஒரு வார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரிசி ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மூத்தவன் செல்போனை நீட்டினான். "அம்மா, இந்தப் பையைப் பாருங்க. அமெரிக்காவில வேட்டைக்குப் போறவங்க தூக்குறது. அம்பது கிலோ போட்டாலும் தாங்குமாம். வாங்கிக்கட்டுமா?"

"ஏஞ்சாமி, நீ என்ன மான் வேட்டைக்கா போறே? நம்ம நாட்டில எப்பவோ சட்டம் போட்டு வேட்டையை நிறுத்தியாச்சே!" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, சகோதரிகளே. காரணம் இருக்கிறது.

போன வருஷம் நண்பர்களோடு வெள்ளியங்கிரி ஏறினான். பூண்டியிலிருந்து ராத்திரியில் ஏற ஆரம்பித்து, ஏழு மலையும் தாண்டித் தரிசனம் முடித்துவிட்டார்கள். இறங்கும்போது பையின் தோள்வார் பிய்ந்துவிட்டது. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று நான்தான் அதை வாங்கிக் கொடுத்திருந்தேன். பையைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். கை இரண்டும் பையில் இருந்தால் மூங்கில் தடியை எப்படி ஊன்றுவது? கால் புரண்டு, மூன்று வாரம் நொண்டினான். இப்போது அவன் கிளம்பப் போவதோ உத்தராகண்ட் பக்கம், எட்டு நாள் மலை நடை!

அதனால் இந்தத் தடவை நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வேட்டைக்காரர் பையில் என்ன விசேஷம்? அங்கே எல்க் என்று குதிரை உயரத்துக்கு ஒரு மான் உண்டு. அதன் ஒரு பின்னங்காலே 25, 30 கிலோ வருமாம். அதைக் காட்டிலிருந்து முதுகில்தான் சுமந்து வர வேண்டும். ஆகவே பைக்குள் உறுதியான சட்டம், இடுப்பில் அகலமான வார், சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சி வைக்க ஒரு தட்டு. பையே மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும். நம் பிள்ளைக்கு அந்தத் தட்டு எதற்கு? சட்டமும் இடுப்பு வாரும்தான் வேண்டும்.

இந்த இடுப்பு வாரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் 1952இல் அலுமினியக் குழாயில் சட்டம் செய்து பைகளை விற்க ஆரம்பித்தார். சட்டத்தின் அடி நுனிகளைக் கால்சட்டைப் பையில் செருகிப் பார்த்தபோது, தோளின் பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டதைக் கவனித்தாராம். அதிலிருந்துதான் இடுப்பு வார் வந்தது. பைகளை வீட்டிலேயே தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி நீனா! தையல் மிஷினோடு வாழும் நமக்குப் பெருமையாக இருக்கிறதல்லவா?

யோசித்தால் இது நமக்குத் தெரியாத சமாச்சாரமா என்ன? தண்ணீர்க் குடத்தை எங்கே வைக்கிறோம்? குழந்தையை எங்கே இடுக்குகிறோம்? இடுப்பெலும்பின் மேல்தானே! தோள் பாரம் தாங்கப் பிறந்ததல்ல. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் பனியன் கம்பெனியிலிருந்து பிசிர் வெட்ட மூட்டை எடுத்து வருவேன். நாலு தெரு தள்ளி வீடு. ஒரே தோளில் போட்டுக்கொண்டு ஏழெட்டு வருஷம் நடந்தேன். இன்றைக்கு நிறைகுடத்தைத் தூக்க முடியவில்லை. "ஒரு பக்கமாகச் சுமந்ததன் பலன்" என்றார் டாக்டர். என் பிள்ளைக்கும் அது வரக்கூடாது.

சரி, பை எப்படி வாங்குவது? நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. ரவிக்கை அளவெடுக்கும் டேப் போதும். தலையைக் குனியச் சொன்னால் பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்தும். இரண்டு கையையும் இடுப்பெலும்பில் ஊன்றினால் முதுகில் கட்டைவிரல்கள் நேராக வரும் இடம் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நீளம்தான் பையின் அளவு. ஆள் உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உயரமானவருக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம்.

அடுத்து, கொள்ளளவு. ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டர், இரண்டு மூன்று நாளுக்கு 40 முதல் 50, ஒரு வாரத்துக்கு 60 லிட்டர் வரை. பெரிய பை வாங்கினால், இடம் இருக்கிறதே என்று கண்டதையும் திணிப்பார்கள். நம் வீட்டுப் பரண் கதைதான்!

துணியும் தையலும் நம் ஊர் வித்தை. துணியின் கனத்தை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெனியர். 400க்கு மேல் உள்ள நைலான் முள்ளுக்கும் பாறைக்கும் தாங்கும். பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தோள்வார் சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பெட்டி போட்டுக் குறுக்கே அடித்திருக்க வேண்டும், அல்லது நெருக்கமாக பார்டேக் போட்டிருக்க வேண்டும். பழைய பை பிய்ந்ததே அந்த இடத்தில்தான்!

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. நான் பத்து கிலோ அரிசிப் பையை எடுத்துக்கொண்டே போனேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும்! முதலில் இடுப்பு வாரை எலும்பின் மேல் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு தோள்வார், கடைசியில் மார்புவார். பாரத்தில் பெரும்பங்கு இடுப்பில் உட்கார்ந்துவிட்டால், தோள்வாருக்குள் விரல் சுலபமாக நுழையும். கால்மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னேன். எங்கும் உறுத்தவில்லை என்ற பிறகே பணம் கொடுத்தேன். 55 லிட்டர் பை, உள்ளே சட்டம் வைத்தது.

அடுக்குவதிலும் முறை உண்டு. படுக்கை அடியில். கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. மழைக்கோட்டு மேலே. எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட்டால் மழைக்குப் பயமில்லை. மொத்தக் கனம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் பிள்ளை 60 கிலோ, ஆக 12 கிலோ. ஓடையைக் கடக்கும்போது இடுப்பு வாரையும் மார்பு வாரையும் அவிழ்த்துவிட வேண்டும். தவறி விழுந்தால் பையை உதறிவிட்டு எழுந்துகொள்ளலாம்.

சின்னக் குழந்தைகளின் தாய்மார்களே, "எங்களுக்கு மலை ஏது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பை இருக்கிறதே! குழந்தை எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கூடாது என்று 2020இல் மத்திய அரசு வகுத்த கொள்கை சொல்கிறது. இருபது கிலோ குழந்தைக்கு இரண்டு கிலோதான். இன்று சாயங்காலமே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு தோளிலும் மாட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பை எத்தனை நல்லதாக இருந்தாலும் அம்மா வயிறு பதறத்தான் செய்யும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்களே, நம் திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்தக் காட்டுக்கும் போகக்கூடாது. 2024இல் தமிழக அரசே நாற்பது மலைத் தடங்களுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டதால், இனி திருட்டுத்தனமாகப் போக அவசியமும் இல்லை.

அன்று ராத்திரி அவன், "அம்மா, நீங்க ஒருக்கா மாட்டிப் பாருங்க" என்றான். அரிசியோடு பையை என் முதுகில் ஏற்றி, இடுப்பு வாரை அவனே கட்டிவிட்டான். பத்து கிலோ இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கூடத்தில் ரெண்டு நடை நடந்தேன். அந்த நாளில் எனக்கு இப்படி ஒரு வார் இருந்திருந்தால் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. "என்னம்மா, கனமா இருக்குதா?" என்றான்.

"இல்லை கண்ணு, கனமே இல்லை" என்றேன்.