பச்சை குத்திய கையும் பச்சை ஒளியும்

சென்ற மாதம் இலக்கிய நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோது என் தாயாரின் கைக்கடிகாரத்தைப் பற்றிய பேச்சு வந்தது. கையில் கட்டியிருக்கும்போதே அந்த ஸ்மார்ட் வாட்ச் தன்னைப் பூட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு இருபது முறை ரகசிய எண்ணைக் கேட்கிறது என்று சொன்னேன். உடனே மூன்று தீர்ப்புகள் கிடைத்தன.

பொறியாளரான நண்பர், "அம்மாவுக்குக் கட்டத் தெரிந்திருக்காது" என்றார். கவிஞரான நண்பர், "எழுபத்தெட்டு வயதில் அவர்களுக்கு எதற்கு அந்த விலங்கு? கழற்றி எறியுங்கள்" என்றார். கோட்பாடுகளில் ஈடுபாடுள்ள மூன்றாமவர், "வெள்ளைத் தோலுக்காகச் செய்த கருவி நம் தோலை மனிதத் தோலாக ஏற்காது; இதில் வியப்பென்ன?" என்றார். மூவரும் நான் மதிக்கும் வாசகர்கள். மூவரில் ஒருவர்கூட, "அது எப்படிப் பூட்டிக்கொள்கிறது?" என்று கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மௌனம்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வாழ்கிறார். நகரத்துக்கு வர அவருக்கு விருப்பமில்லை. அந்த விருப்பமின்மையை நான் மதிக்கிறேன். 2023இல் ஒருநாள் விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. பால்காரம்மா வந்து பார்க்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஈரத்தரையில் கிடந்தார். எலும்பு முறியவில்லை என்பது எங்கள் நல்லூழ். அதன் பிறகுதான், அணிந்திருப்பவர் விழுந்தால் அந்த அதிர்ச்சியை உணர்ந்து, அவர் சிறிது நேரம் அசையாமலிருந்தால் தானே அவசர எண்ணை அழைத்து, வீட்டாருக்கும் செய்தி அனுப்பும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆடம்பரத்துக்காக வாங்கியதன்று என்பதை மட்டும் கவிஞர் நண்பர் கவனிக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் தொலைபேசியில் அம்மாவின் குரல்: "ஏய்யா, இது திரும்பவும் பூட்டிக்கிட்டு நிக்குது. நான் என்ன களவாண்டா கட்டியிருக்கேன்?"

இனி, அது பூட்டிக்கொள்ளும் விதம். இத்தகைய கடிகாரத்தின் அடிப்பகுதியில் சிறு விளக்குகளும் ஒளியுணரிகளும் உண்டு. விளக்குகள் பச்சை ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் தோலுக்குள் செலுத்துகின்றன. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் நாளத்தில் குருதி கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கமே நாடி. புதிய மாயமொன்றும் இல்லை. விரல் நுனியில் ஒளியைச் செலுத்திக் குருதியோட்டத்தை அளக்கும் முறையை ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1937லேயே விவரித்துவிட்டார். திரும்பி வரும் ஒளியைக் கொண்டுதான் கடிகாரம் தான் ஒரு மணிக்கட்டில் இருப்பதாக நம்புகிறது. அந்த ஒளி தடைபட்டால், தன்னை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று முடிவுசெய்து பூட்டிக்கொள்கிறது. திருடன் கையில் சிக்கினால் உங்கள் பணமும் கடிதங்களும் பறிபோகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான்.

பொறியாளர் நண்பருக்காக, நான் செய்து பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். கடிகாரத்தின் அடிப்பகுதியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினேன். எண்ணெயும் வியர்வையும் படிந்தால் ஒளி மங்கும். கடையில் ஒட்டித் தந்திருந்த மெல்லிய காப்புத் தாளை அடிப்பக்கத்திலிருந்து உரித்தேன். வாரை ஒரு துளை இறுக்கினேன். மணிக்கட்டு எலும்பின்மேல் உட்கார்ந்திருந்த கடிகாரத்தை ஒரு விரற்கடை மேலேற்றினேன். அதை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த வளையல்களை மறு கைக்கு மாற்றச் சொன்னேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். அணைத்து உயிர்ப்பித்தேன். இறுதியாக, செல்பேசியோடு இருந்த இணைப்பை முற்றிலும் துண்டித்து மீண்டும் இணைத்தேன். பூட்டிக்கொள்வது சற்றே குறைந்தது, நிற்கவில்லை. என் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன். ஒரு பகல் முழுவதும் ஒருமுறைகூடப் பூட்டிக்கொள்ளவில்லை. ஆகவே கருவி பழுதன்று. அம்மாவின் வலக்கையில் கட்டினேன். அங்கும் பூட்டிக்கொள்ளவில்லை. ஆகவே அம்மாவும் பழுதன்று.

எஞ்சியது இடக்கை மட்டுமே. அந்தக் கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி, நெருக்கமான புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு கோலம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் திருவிழாவுக்கு வந்த குறத்தியிடம் குத்திக்கொண்ட பச்சை. எழுபது ஆண்டுகளை நெருங்கும் அந்தக் கோலத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனால் கடிகாரத்தைக் கட்டும்போது அதைப் பார்க்கவில்லை.

பச்சை என்று நாம் சொன்னாலும் உள்ளே இருப்பது கரி. கரியைக் குழைத்து ஊசியால் தோலுக்குள் இறக்குகிறார்கள். மேல்தோலின் ஊடாகப் பார்க்கையில் அந்தக் கறுப்பு நீலமாகவோ பச்சையாகவோ தோன்றுகிறது. கரி எந்த ஒளியையும் விட்டுவைப்பதில்லை. பச்சை ஒளியையும் விழுங்கும், அகச்சிவப்பையும் விழுங்கும். கடிகாரம் ஒளியை அனுப்பிவிட்டு விடைக்காகக் காத்திருக்கிறது, விடை வருவதில்லை. கையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது.

இது எவரும் எதிர்பார்த்திராத குறையன்று. 2015 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, கையில் பச்சை குத்தியவர்கள் இதே முறையீட்டை எழுப்பினார்கள். பச்சையின் மை, வடிவம், அடர்த்தி ஆகியவை உணரியின் ஒளியைத் தடுக்கக்கூடும் என்று அந்த நிறுவனமே பின்னர் தன் உதவிக் குறிப்பில் ஒப்புக்கொண்டது. ஆக, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி. "கட்டத் தெரியவில்லை" என்னும் தீர்ப்பு எவ்வளவு எளிதாக ஒரு கிழவியின்மேல் வந்து விழுகிறது என்பதைப் பொறியாளர் நண்பர் எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்து, கோட்பாட்டாளர் நண்பர். அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியைக் கோவிட் காலத்தில் நாம் அனைவரும் அறிந்தோம். 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அக்கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய வேளைகளில், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காட்டு அளவீடுகளில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் அது 3.6 விழுக்காடு மட்டுமே. இது உயிரோடு விளையாடும் வேறுபாடு. நண்பர் சினம் கொள்வது நியாயம்.

ஆனால் அதே 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் 53 பேரிடம் மணிக்கட்டுக் கருவிகளின் நாடியளவைச் சோதித்தபோது, தோலின் நிறத்தால் புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. கருவிக்குக் கருவியும், ஓய்வுக்கும் அசைவுக்கும் இடையிலும்தான் வேறுபாடு தெரிந்தது. ஓர் ஆய்வு கடைசிச் சொல்லாகிவிடாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது: ஒரு கருவிக்குப் பொருந்தும் குற்றச்சாட்டை இன்னொன்றின்மேல் அப்படியே தூக்கி வைக்க இயலாது. என் தாயாரின் வலக்கையும் இடக்கையும் ஒரே நிறம். வலக்கையை ஏற்ற கடிகாரம் இடக்கையை மறுத்தது. அந்த ஒரு சோதனையைச் செய்து பாராமல் ஏகாதிபத்தியம்வரை போய்விடுவது சிந்தனையாகாது, சோம்பல். நம் சிற்றிதழ்ச் சூழலில் இந்தச் சோம்பலுக்குத் தீவிரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கவிஞர் நண்பரிடம் எனக்குள்ள பிணக்கு இன்னும் ஆழமானது. இயந்திரம் என்றதும் விலங்கு, சிறை, கண்காணிப்பு என்று உருவகங்கள் வந்து வரிசையில் நின்றுவிடுகின்றன. கழற்றி எறி என்பது அழகான வரிதான். எறிந்த பிறகு விடியற்காலைக் கொல்லைப்புறத்தில் யார் நிற்பது? தனித்து வாழும் முதியவளின் சுதந்திரத்தை அந்தக் கடிகாரம் பறிக்கவில்லை. அவர் தன் வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம் என்று நானும் என் தங்கையும் துணிந்ததே அதை நம்பித்தான். கருவியை வழிபடுவது மூடத்தனம் என்றால், அது எப்படி இயங்குகிறது என்று பாராமலே சபிப்பதும் மூடத்தனமே.

சரி, மூவரும் தவறு என்றால் குற்றம் எங்கே?

கடிகாரத்தின் உதவிப் பக்கத்தில் ஒரு தீர்வு இருக்கிறது. மணிக்கட்டை உணரும் வசதியை அணைத்துவிடுங்கள், தானாகப் பூட்டிக்கொள்வது நின்றுவிடும் என்கிறது. ஊரெங்கும் பரிந்துரைக்கப்படும் தீர்வும் இதுதான். நானும் அணைத்தேன். கடிகாரம் அமைதியாயிற்று. அம்மாவும் மகிழ்ந்தார். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தை முழுக்கப் படித்தபோதுதான் கீழேயிருந்த வரி கண்ணில் பட்டது: அந்த வசதியை அணைத்தால், விழுந்ததை உணர்ந்தாலும் கடிகாரம் தானாக அவசர எண்ணை அழைக்காது. எதற்காக வாங்கினேனோ அந்த ஒன்றை, தொல்லை நீங்க வேண்டி நானே அணைத்து வைத்திருந்தேன். அந்த இரண்டு நாட்களில் அம்மா விழவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

என் தரப்பு இதுதான். ஒரே உணரியிடம் இரண்டு வேலைகளை ஒப்படைத்திருக்கிறார்கள். ஒன்று திருட்டுக்கு எதிரான காவல். மற்றொன்று உயிருக்கான காவல். முன்னதில் ஐயம் எழுந்தால் பூட்டிக்கொள்வதே முறை. பின்னதில் ஐயம் எழுந்தால் விழித்திருப்பதே முறை. நேரெதிரான இந்த இரு நியாயங்களையும் ஒரே விசையில் கட்டியிருப்பதே குற்றம். பணப்பையைக் காப்பவன் சந்தேகப்பட்டதும் கதவைச் சாத்துவான். நோயாளிக்கு அருகில் இருப்பவன் சந்தேகப்பட்டதும் கதவைத் திறப்பான். ஒருவனையே இரண்டுக்கும் நிறுத்திவிட்டு, எழுபத்தெட்டு வயதுக்காரியிடம் எது வேண்டும் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

எதிர்வாதத்தை நான் அறியாமலில்லை. கையில் இருப்பதை உறுதிசெய்யாமல் அழைக்கவிட்டால், மேசையிலிருந்து தவறி விழும் ஒவ்வொரு கடிகாரமும் 112ஐ அழைக்கும். விழுந்த கடிகாரமும் அசையாமல்தானே கிடக்கும். பொய் அழைப்புகளால் மெய்யான அழைப்பு பின்தள்ளப்படும். வலுவான வாதம். ஆனால் அதற்கும் வழியுண்டு. மணிக்கட்டு உறுதிப்படாத வேளையில் அவசர எண்ணை விட்டுவிட்டு, வீட்டார் குறித்துக்கொடுத்த எண்ணை முதலில் அழைக்கட்டும். பொய் அழைப்பு வந்தால் நான் எடுத்துப் பேசிவிட்டு வைக்கிறேன், நள்ளிரவானாலும் சரி. எனக்கு வரும் தொல்லையை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு இருக்கட்டும். ஐயம் வந்தால் பணம் செலுத்தும் வசதி மட்டும் பூட்டிக்கொள்ளட்டும். தனித்தனி விசைகள் இரண்டு. நான் கேட்பது அவ்வளவே.

இப்போது கடிகாரம் அம்மாவின் வலக்கையில் இருக்கிறது. அமைப்புகளிலும் வலக்கை என்று மாற்றிவிட்டேன், பூட்டிக்கொள்வதில்லை. ஆனால் சாப்பிடும் கை அது. சோறு பிசையும்போது கழற்றி வைக்கிறார், சில நாள் மறந்தும் போகிறார். "நாலு நாளா கட்டலையே, விழவா செஞ்சேன்?" என்று என்னையே கேட்கிறார். தினமும் மாலையில் தொலைபேசியில், "கையிலே இருக்கா?" என்று கேட்பது என் வேலையாகிவிட்டது. கருவி செய்ய வேண்டிய வேலையில் பாதியை நான்தான் செய்கிறேன்.

இதை வாசிப்போரில் முதியவர்களுக்காக இத்தகைய கடிகாரம் வாங்க எண்ணுவோர் இருந்தால் ஒரு வேண்டுகோள். நம் பாட்டிமார், தாய்மார் பலரின் கைகளில் பச்சை இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அவர்களின் இரு கைகளிலும் கட்டிப் பாருங்கள். அரைமணி நேரமாவது கட்டியிருக்கச் செய்யுங்கள். வாங்கிய பின், யார் சொன்னாலும் எந்த வசதியையும் அணைக்கும் முன்பு அதனோடு வேறு எதுவெல்லாம் அணைந்துபோகிறது என்று கடைசி வரிவரை படியுங்கள். நான் இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன்.