பட்டாளத்திலும் ஆள்குறைப்பு

மில்லில் ஆள்குறைப்பு என்றால் தொழிலாளிக்குச் சட்டென்று புரிகிறது. வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். மறுநாள் கேட் திறப்பதில்லை. புதுச்சேரி ஏ.எப்.டி. மில்லை 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு மூடிய கதை எல்லோருக்கும் தெரியும். பட்டாளத்தில் ஆள்குறைப்பு அந்த மாதிரி வருவதில்லை. பேண்டு வாத்தியத்தோடு, தேசபக்தி முழக்கத்தோடு, 'திட்டம்' என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிறது.

2022 ஜூன் 14-ந் தேதி மத்திய சர்க்கார் அறிவித்த 'அக்னிபத்' அப்படி வந்த ஆள்குறைப்புதான். பதினேழரை வயது முதல் இருபத்தொன்று வரை உள்ள வாலிபர்களைச் சேர்ப்பது; பயிற்சியையும் சேர்த்து நான்கே ஆண்டு வைத்துக்கொள்வது; நாலாவது ஆண்டு முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மிகாமல் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது. இதுதான் திட்டம். முதல் ஆண்டில் எடுப்பதாகச் சொன்னது 46,000 பேர். அந்தக் கணக்குப்படி 34,500 பேருக்குக் குறையாமல் வெளியே வரவேண்டும். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிகளுக்கு 2026 இறுதியோடும் 2027 தொடக்கத்தோடும் கணக்குத் தீர்கிறது.

இது ஆள்குறைப்பு அல்ல, படையை இளமையாக்கும் சீர்திருத்தம் என்று சர்க்கார் தரப்பு சொல்கிறது. அப்படியானால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றி என்ன சொல்லுகிறார்கள்? கொரோனாவைக் காரணம் காட்டி 2020-21, 2021-22 இரண்டு ஆண்டுகளிலும் தரைப்படைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கூட்டம் கூட்டித் தேர்தல் நடத்த முடிந்தது. கும்பமேளா நடத்த முடிந்தது. சிப்பாயின் மார்பளவு எடுக்க மட்டும் முடியவில்லை! அதற்கு முன்பெல்லாம் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் முதல் எண்பதாயிரம் பேர்வரை எடுத்துக்கொண்டிருந்த படை அது. ஓய்வு பெறுகிறவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் காலியிடம் விழுந்தது. ஓட்டத்திலும் வைத்தியப் பரிசோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்த வாலிபர்களின் பழைய ஆள்சேர்ப்பு முழுவதையும் ரத்து செய்துவிட்டு, அந்த இடத்தில்தான் நான்காண்டுத் திட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வாலிபர்கள் தெருவுக்கு வந்தார்கள். செகந்திராபாத் ஸ்டேஷனில் 2022 ஜூன் 17-ந் தேதி போலீஸ் சுட்டதில் ஒரு வாலிபன் செத்தான். அதற்கு முதல் நாள்தான், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், வயது வரம்பை 23 ஆக்கியிருந்தார்கள். வழக்குத் தொடுத்தவர்களின் மனுக்களை 2023-ல் டில்லி ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் தள்ளுபடி செய்தன. கோர்ட்டில் தோற்ற வழக்கெல்லாம் நியாயமற்ற வழக்கு என்று ஆகிவிடாது.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசக் காரைக்காலுக்குத் தனி உரிமை உண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய் 1954 நவம்பர் முதல் தேதி மீண்ட இந்தச் சின்ன மண்ணில், சுற்றிலுமுள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் ஜில்லாக்களில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதுதான் 'சொல்தா' வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோ-சைனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய் வந்த சிப்பாய்களின் வீடு. மாதம் தவறாமல் பென்ஷன் வருகிற வீடு. முன்பு பிராங்கில் வந்தது, 2002-க்குப் பிறகு யூரோவில் வருகிறது. அந்தப் பென்ஷனில் எத்தனை வீடுகள் எழும்பின, எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை; தெருவில் நடந்து போனாலே தெரியும்.

அந்தப் பென்ஷனுக்கு ஒரு விதி இருந்தது. சாதாரண சிப்பாய் பதினைந்து ஆண்டு பணி முடித்தால் வெளியே வந்த நாளிலிருந்து ஆயுள் முழுவதும் பென்ஷன். அவனுக்குப் பின் மனைவிக்குப் பாதி. (2010-ல் அங்கேயும் பதினைந்தைப் பதினேழு ஆக்கினார்கள்.) பதினைந்துக்கு முன்னால் வந்துவிட்டவனுக்கு அப்படி உடனே மாதாமாதம் வருவது கிடையாது. 1954-ல் இந்தோ-சைனா யுத்தமும் 1962-ல் அல்ஜீரிய யுத்தமும் தோல்வியில் முடிந்து பிரெஞ்சு ராணுவம் சுருங்கியபோது, 'போதும், ஊருக்குப் போய் வேறு தொழில் பார்ப்போம்' என்று நினைத்த சிப்பாய்க்கு முன்னால் இந்தப் பதினைந்து என்ற எண்தான் மதில்போல் நின்றது. இந்திய ராணுவத்திலும் சிப்பாயின் பென்ஷனுக்குப் பதினைந்து ஆண்டுப் பணிதான் வாசல். இரண்டு ஊர்ச் சட்டத்துக்கும் ஒரே எண். அந்த வாசலுக்குப் பதினோரு ஆண்டு தூரத்திலேயே ஆளை இறக்கிவிடுகிற சாமர்த்தியம்தான் அக்னிபத்!

பிரெஞ்சு ஏகாதிபத்தியத்துக்கு நாம் நற்சாட்சிப் பத்திரம் எழுத வரவில்லை. யுத்த காலத்தில் ஜெர்மன் சிறையில் கிடந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், தங்களுக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டதற்காக, 1944 டிசம்பர் முதல் தேதி டாக்காருக்குப் பக்கத்தில் தியாராய் முகாமில் அவர்களை நிற்கவைத்துச் சுட்டது அதே பிரெஞ்சு ராணுவம்தான். அது படுகொலை என்று ஒப்புக்கொள்ள பிரெஞ்சு ஜனாதிபதிக்கு 2024 வரை ஆயிற்று. விடுதலை பெற்ற நாடுகளின் பழைய சிப்பாய்களுக்குப் பென்ஷனை உயர்த்தாமல் உறைய வைத்தது 1959-ல் போட்ட பட்ஜெட் சட்டம். அந்த அநீதி 2007-லும் 2011-லும்தான் படிப்படியாகத் தீர்ந்தது. அரை நூற்றாண்டு போராடி வாங்கினார்கள். ஆனால் அந்த நாட்டில்கூட, 2008-ல் ராணுவத்தில் 54,000 இடங்களைக் குறைப்பதென்று தீர்மானித்தபோது, முன்கூட்டியே விலகி வெளி வேலைக்குப் போக முன்வந்த சிப்பாய்க்கு ஊக்கத்தொகை என்று தனியாக ஒரு தொகை கொடுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து வருகிற சிப்பாய்க்கு வேலை கிடைக்காத காலத்துக்கு நிவாரணப் படியும் உண்டு. முதலாளித்துவ நாடுதான். தொழிற்சங்கங்கள் பலமாக இருந்து சட்டத்தில் எழுதவைத்த சலுகை அது.

நம் சர்க்கார் கொடுப்பது என்ன? 'சேவா நிதி' என்று 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000. கையில் வருவது 21,000. பாக்கி 9,000 நிதிக்குப் போகிறது. அடுத்த ஆண்டுகளில் 33,000, 36,500, 40,000 என்று சம்பளம் ஏற ஏறப் பிடித்தமும் ஏறுகிறது. நாலு ஆண்டில் சிப்பாயின் சம்பளத்திலிருந்து பிடித்தது மட்டும் 5 லட்சத்து 2 ஆயிரம். சர்க்கார் அதே அளவு போடுகிறது. மீதி வட்டி. ஆக, பாதிக்குப் பாதி அவன் சொந்த வியர்வைக் காசு. அவன் பையிலிருந்து எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, அதை வெகுமதி என்று பெயரிடுகிறார்கள்! அந்த முழுத் தொகையையும் நூற்றுக்கு ஏழு வட்டியில் பாங்கில் போட்டாலும் மாதம் ஏழாயிரம் தேறாது. பதினைந்து ஆண்டு முடித்த சிப்பாய்க்கு 2016 முதல் குறைந்தபட்சப் பென்ஷனே 9,000. அதன்மேல் பஞ்சப்படி, வைத்திய வசதி, காண்டீன். நான்காண்டுச் சிப்பாய்க்குக் கிராஜுவிட்டியும் இல்லை. 'மாஜி ராணுவத்தினர்' என்ற அந்தஸ்தும் இல்லை.

'அதனால் என்ன, வெளியில் நல்ல வேலை கிடைக்கும், ராணுவத்தில் பயின்ற வாலிபனை யார் வேண்டாமென்பார்கள்' என்கிறார்கள். மத்திய துணைப்படைகளில் பத்து சதவிகிதம் ஒதுக்குவதாக 2022-லேயே சொன்னார்கள். காகிதத்தில் எழுதுகிற சதவிகிதம் பத்தோ ஐம்பதோ, நாம் பார்க்கவேண்டியது ஏற்கெனவே எழுதிய சதவிகிதம் என்ன ஆயிற்று என்பதை. பதினைந்து, பதினேழு ஆண்டு பணி செய்த முழுச் சிப்பாய்களுக்கு மத்திய சர்க்கார் இலாகாக்களில் 'சி' பிரிவில் பத்து, 'டி' பிரிவில் இருபது சதவிகிதம் என்று ஒதுக்கீடு வெகுகாலமாக இருக்கிறது. 2021 ஜூன் மாதக் கணக்கில், விவரம் கொடுத்த இலாகாக்களில் உண்மையில் இருந்தவர்கள் 'சி' பிரிவில் 1.29 சதவிகிதம், 'டி' பிரிவில் 2.66 சதவிகிதம். துணைப்படைகளின் 'சி' பிரிவிலோ அரை சதவிகிதம்கூட இல்லை. இது நாம் போட்ட கணக்கல்ல; ராணுவ மறுவாழ்வு இலாகாவின் சொந்தக் கணக்கு. முழுச் சிப்பாய்க்கு இதுதான் கதி என்றால் கால் சிப்பாய்க்கு எது மிஞ்சும்? ஆளும் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ஒருவர் 2022 ஜூனில் மனம் திறந்து சொல்லிவிட்டார்: கட்சி ஆபீசுக்குக் காவலாள் வைப்பதென்றால் அக்னிவீரனுக்கே முன்னுரிமை கொடுப்பேன் என்று. அவரை நாம் கோபித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் மறைத்ததை அவர் மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

காரைக்காலில் அந்த வெளி வேலை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். காவிரியின் கடைமடை இது. அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் தண்ணீர் வந்தால் ஒரு போகம். கடலில் மீன்பிடித் தொழில். திருநள்ளாற்றுக்கு வருகிற யாத்திரிகர்களை நம்பிச் சில கடைகள். திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயு மின்நிலையம், எண்ணெய்-எரிவாயுக் கழகத்தின் கிணறுகள், 2009-ல் திறந்து 2023-ல் அதானி கம்பெனி கைக்குப் போன துறைமுகம். இந்த வாசல்களில் காக்கிச் சட்டையோடு காண்ட்ராக்டர் தயவில் நிற்கிறவனின் வரிசையில்தான், இமயத்தில் காவல் நின்று திரும்புகிற வாலிபனுக்கும் இடம் காட்டுவார்கள். பத்தாவது படித்துவிட்டு உள்ளே போனவனுக்குப் பன்னிரண்டாவதுக்குச் சமமான சர்டிபிகேட் கொடுத்து அனுப்புகிறார்களாம். அவனோடு படித்தவன் அந்த நாலு ஆண்டில் ஐ.டி.ஐ. முடித்து, அப்ரண்டீஸ் முடித்து, ஒரு தொழிலில் உட்கார்ந்துவிடுகிறான். இவன் அங்கே முதல் படியிலிருந்து தொடங்கவேண்டும்.

கையில் பத்துப் பன்னிரண்டு லட்சமும் துப்பாக்கிப் பயிற்சியும் உள்ள, வேலை இல்லாத வாலிபனை யார் முதலில் தேடி வருவான்? ஏஜெண்டுதான். 2023-லும் 2024-லும் உதவியாளர் வேலை, பாதுகாப்பு வேலை என்று ஆசை காட்டி இந்திய வாலிபர்களை ரஷ்யப் போர்முனைக்கு ஏற்றுமதி செய்தார்கள். சிலர் அங்கேயே செத்தார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. வெளிநாட்டு மோகமும் வெளிநாட்டுத் தொடர்பும் அதிகமுள்ள காரைக்கால் பகுதியில் இதைப் பெற்றோர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராணுவத்தைச் சுருக்குவதை நாம் எதிர்க்கிறவர்கள் அல்ல. ஆயுதக் குறைப்பு நம் இயக்கத்தின் பழைய கோரிக்கை. 1960 ஜனவரியில் சோவியத் யூனியன் பன்னிரண்டு லட்சம் பேரைப் படையிலிருந்து குறைக்கச் சட்டம் செய்தபோது, அவர்களுக்கு வேலையும் வீடும் தேடித் தரும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றது. அது எல்லா இடத்திலும் சரிவர நடந்துவிடவில்லை. நடுவயது அதிகாரிகள் பலர் சிரமப்பட்டார்கள். அடுத்த வருஷம் பெர்லின் நெருக்கடியோடு குறைப்பே நின்றுபோயிற்று. பொறுப்பை ஏற்றுக்கொண்ட இடத்திலேயே இவ்வளவு சிக்கல் என்றால், பொறுப்பே இல்லை என்று கைகழுவுகிற இடத்தில் என்ன நடக்கும்? இங்கே குறைப்பது ஆயுதத்தையா? பீரங்கிக்கும் விமானத்துக்கும் கொட்டுகிற பணம் குறையவில்லை. குறைவது சிப்பாயின் பென்ஷன் ஒன்றுதான்.

பென்ஷன் பாரம் தாங்கவில்லை என்பதுதான் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத உண்மைக் காரணம். 2022-23 பட்ஜெட்டில் ராணுவப் பென்ஷனுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 1 லட்சத்து 19 ஆயிரம் கோடி. பெரிய தொகைதான். ஆனால் 2019 செப்டம்பரில் ஒரே நாளில் கம்பெனி வரியைக் குறைத்தபோது, வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருமானம் போகும் என்று இதே சர்க்கார்தான் கணக்குச் சொன்னது. அந்தப் பாரம் தாங்குகிறது!

வெளியேறும் சிப்பாயின் பிரச்னை எவ்வளவு தூரம் போகும் என்பது 1946 பிப்ரவரியில் தெரிந்தது. யுத்தத்தில் இருபத்தைந்து லட்சம் இந்தியர்களைச் சேர்த்த பிரிட்டிஷ் சர்க்கார், முடிந்ததும் அவர்களைக் கலைக்கத் தொடங்கியது. பம்பாயில் கப்பற்படை மாலுமிகள் கொடி உயர்த்தியபோது அவர்கள் கோரிக்கைகளில் சாப்பாடும் சம்பளமும் மட்டுமல்ல, கலைக்கப்படுகிறவர்களுக்கு மறுவாழ்வும் இருந்தது. பம்பாய்த் தொழிலாளிகள் அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்து குண்டடிபட்டார்கள். இன்று நம் வாலிபர்கள் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிற எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுகூட, 1945-ல் அந்தக் கலைக்கப்பட்ட சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரப் பிறந்த ஏற்பாடுதான். வெள்ளைக்கார சர்க்கார் அந்த அளவாவது செய்தது. நேபாள சர்க்காரைப் பாருங்கள்: தன் கூர்க்கா பிள்ளைகளை நான்காண்டுக்கு அனுப்ப மறுத்து 2022 ஆகஸ்டில் ஆள்சேர்ப்பை நிறுத்தி வைத்தது. 2024 தேர்தல் முடிந்ததும் ஆளும் கூட்டணிக்குள்ளேயே ஐக்கிய ஜனதா தளம் மறுபரிசீலனை கேட்டது.

சீருடையில் உள்ளவன் சங்கம் வைக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு பார்லிமெண்டுக்கு அந்தத் தடை போட அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆகையால் அவனுக்காகப் பேச வேண்டியவர்கள் வெளியில் இருக்கும் வாலிபர் சங்கங்களும் குடும்பங்களும்தான். திட்டத்தை ரத்து செய்து நிரந்தர ஆள்சேர்ப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது நம் கோரிக்கை. அது நடக்கும் வரை, வெளியே வருகிறவனுக்கு மாஜி ராணுவத்தினர் அந்தஸ்தும் வைத்திய வசதியும் வேண்டும். வேலை கிடைக்கும் வரை படி வேண்டும். ஒதுக்கீடு நிரப்பப்படாத இலாகாவின் பெயரை வருஷாவருஷம் பார்லிமெண்டில் வைக்கவேண்டும். புதுச்சேரி சர்க்காரிடம் நாம் கேட்பது இன்னும் எளிது. காரைக்கால் பிராந்தியத்திலிருந்து நான்காண்டுப் பணிக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காகப் போலீசிலும் தீயணைப்பிலும் இதர இலாகாக்களிலும் எத்தனை இடம் வைத்திருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களைச் சட்டசபையில் வைக்கட்டும்.