முப்பதாம் நாள் சாட்சி



நம்முடைய சபைகளில் வேரூன்றிவரும் ஒரு வழக்கத்தை இவ்வாரம் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு பிள்ளை முதல் கட்டத்தைக் கடந்து வீடு திரும்பியதும், அடுத்த ஞாயிறே பெற்றோரை மேடைக்கு அழைத்து, கர்த்தர் பூரண சுகம் தந்துவிட்டார் என்று சாட்சி சொல்ல வைக்கிறோம். சபை கைதட்டுகிறது. மாலைக்குள் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுகிறோம். நான் இதை அவசரம் என்பேன். அதன் விலையைப் பிள்ளை கொடுக்கிறது.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய், அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயே. அதன் முதல் கட்டச் சிகிச்சை ஏறக்குறைய நான்கு வாரம். அது முடியும்போது பெரும்பாலான பிள்ளைகளின் எலும்பு மஜ்ஜையில் நோயணுக்கள் நுண்ணோக்கிக்குத் தென்படுவதில்லை. காய்ச்சல் விடுகிறது, முகம் தெளிகிறது. ஆனால் கண்ணுக்குத் தப்பிய அணுக்கள் உடலில் பதுங்கியிருக்கக்கூடும். ஆகையால்தான் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்கிறது: இரத்தநாளத்தில் மருந்து, முதுகுத்தண்டில் ஊசி, பின்பு மாதக்கணக்கில் வீட்டிலேயே நாள்தோறும் மாத்திரை. (அம்மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டின், நம் கல்லறைத் தோட்டங்களில் தானாய்ப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. மருந்தை 'உலகத்தின் வழி' என்று பழிப்போர், அச்செடியை முளைப்பித்தவர் யாரென்று யோசிக்கட்டும்.)

1948-ல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், இந்நோயால் மரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் ஒரு மருந்தினால் தேறியதை உலகுக்கு அறிவித்தார். மகத்தான செய்தி அது. ஆயினும் தம் கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிகமான' என்ற சொல்லை வைத்தார். அவர் சொன்னது மெய்யாயிற்று. நோய் திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லை வைக்கும் துணிவு நம் மேடைகளுக்கு ஏன் இல்லை?

"அற்புதத்தை மறுக்கிறீரா, ஐயா?" என்று சிலர் கேட்பீர்கள். மறுக்கவில்லை, பிள்ளைகளுக்காக நாள்தோறும் ஜெபிக்கிறேன். ஆனால் லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தோலில் சந்தேகமான ஒரு தழும்பு கண்டால், ஆசாரியன் அம்மனிதனை ஏழுநாள் அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும்; பின்னும் ஏழுநாள் வைத்து, மறுபடியும் பார்த்த பின்னரே சுத்தமுள்ளவன் என்று சொல்ல வேண்டும். நம் ஆண்டவரும், பத்துக் குஷ்டரோகிகள் கூப்பிட்டபோது, ஆசாரியரிடத்தில் போய்த் தங்களைக் காண்பிக்கும்படியே அனுப்பினார். அற்புதம் செய்தவர் பரிசோதனைக்கு அனுப்பினார். நாமோ ஒலிபெருக்கியைக் கையில் கொடுக்கிறோம்.

சாட்சி சொன்ன குடும்பத்துக்கு அடுத்து நேரிடுவதை எண்ணிப் பாருங்கள். மறுவாரம் ஊசிக்குப் புறப்படும் தாயிடம், "சுகமாயிற்றே, இன்னும் ஏன் மருந்து? விசுவாசம் குறைந்துவிட்டதா?" என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். நகையை அடகு வைத்து, நாட்கூலியை இழந்து, பேருந்துக் கட்டணத்துக்குக் கைமாற்று வாங்கும் தகப்பனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய சோதனை! நிறுத்திவிடலாம் என்று அவர் நினைத்தால், அந்த நினைவை ஊட்டியவர்கள் நாம். சிகிச்சையை நடுவில் கைவிடுதல், நம்முடையது போன்ற நாடுகளில் பிள்ளைகள் பிழைக்காமற்போவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. திரும்பி வரும் நோயைக் குணப்படுத்துவதோ முன்னதைவிடக் கடினம். அப்படித் திரும்பி வந்தால், அதே சபை, "வீட்டில் மறைவான பாவம் உண்டோ" என்று விசாரிக்கத் துணிகிறது. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் கேட்ட கேள்விக்கு இயேசு கொடுத்த பதிலை இவர்கள் வாசித்ததில்லை போலும்.

இன்னொன்று: சாட்சியோடு உதவியும் நின்றுவிடுகிறது. முதல் மாதம் இருபது பேர் ஒன்றாய்த் திரண்டு வந்து கைவைத்து ஜெபித்தோம். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளையின் கட்டிலருகே இருமிக்கொண்டும் நின்றோம். பதினான்காம் மாதம் எவரும் வருவதில்லை. அப்பொழுதுதான் ஆள் தேவை. நள்ளிரவில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி யாரிடம் இருக்கிறது? தட்டணுக்களை ஏறக்குறைய ஐந்து நாளுக்குமேல் சேமித்துவைக்க முடியாது; அழைத்தவுடன் கொடுக்க வரும் வாலிபர்களின் பட்டியல் எந்தச் சபையில் எழுதப்பட்டிருக்கிறது? தாய் மருத்துவமனையிலேயே தங்கிவிட, உறவினர் வீட்டில் விடப்பட்ட மூத்த பிள்ளையின் பரீட்சை நாளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

வருகிற ஞாயிறு, சாட்சி வேளையில் அந்தத் தகப்பனை மேடைக்கு அழைக்க வேண்டாம். ஆராதனை முடிந்தபின் தனியே அவரிடம் சென்று, அடுத்த ஊசி எந்தத் தேதி, பிள்ளையின் இரத்த வகை என்ன, மூத்தவள் பள்ளி விட்டு வரும்போது யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.