வளைகுடா வேலையை விட்டு வந்தால் கிராஜுவிட்டி எவ்வளவு கிடைக்கும்? ‘பேசிக்’கில்தான் இருக்கு விஷயம்!

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருமழிசையிலோ லேத், வெல்டிங், ஃபிட்டர் வேலை பழகிவிட்டு துபாய்க்கும் சவுதிக்கும் போனவர்கள் ஆவடி, பூந்தமல்லி பக்கம் நிறையவே இருக்கிறார்கள். கிளம்பும்போது ஏஜென்ட்டிடம் எல்லோரும் கேட்பது, ‘சம்பளம் எவ்வளவு?’ என்றுதான். ‘அதில் பேசிக் எவ்வளவு?’ என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், வேலையை முடித்து ஊர் திரும்பும்போது கைக்கு வரும் கிராஜுவிட்டி பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் நிற்கிறது.

முதலில் நம்ம ஊர் கணக்கைப் பார்த்துவிடலாம். கடைசி மாத பேசிக், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய் வாங்கியவர் 7 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால் சுமார் 60,577 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். பேசிக்கைக் குறைத்துக் காட்டி கிராஜுவிட்டியை மிச்சம் பிடிக்கும் பழைய வித்தைக்கு வைத்த செக் இது.

அமீரகத்தில் இந்தப் பாதி விதி கிடையாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பேசிக் மட்டும்தான் கணக்கு. வீட்டு வாடகை, போக்குவரத்து, ஓவர்டைம் எதுவும் சேராது. ஓராண்டு முடித்திருந்தால் போதும்: முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். மொத்தம் 2 ஆண்டு ஊதியத்தைத் தாண்டக் கூடாது. சம்பளமில்லா விடுப்பு நாட்களைக் கழித்துவிடுவார்கள்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மாதம் 3,000 திர்ஹாம், இருவருக்கும் 7 ஆண்டு சர்வீஸ். ஒருவருக்கு பேசிக் 2,000, இன்னொருவருக்கு 1,200. முதல் 5 ஆண்டுக்கு 105 நாள், அடுத்த 2 ஆண்டுக்கு 60 நாள், ஆக 165 நாள். முதலாமவருக்கு 11,000 திர்ஹாம் கிடைக்கும். இரண்டாமவருக்கு 6,600 மட்டும்தான். ஒரே ரூம், ஒரே வேலை, ஒரே சம்பளம்! வித்தியாசம் முழுக்க காகிதத்தில் எழுதிய ஒரு எண்ணால் வந்தது.

சவுதி கதை வேறு. அங்கே கடைசியாக வாங்கிய ஊதியத்தில் வழக்கமான அலவன்ஸ்களும் சேரும். முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதம். அதே 3,000, ரியாலாக, 7 ஆண்டுக்கு என்றால் 13,500. ஆனால் இது கம்பெனி அனுப்பினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோதான். நீங்களே ராஜினாமா செய்தால் 2 ஆண்டுக்குள் ஒன்றுமில்லை; 5 ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு; 10 ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 13,500 அப்படியே 9,000 ஆகிவிடும். பத்தாண்டு முடித்தால் முழுத் தொகை. ‘போதும்டா சாமி’ என்று ஒன்பதரை வருடத்தில் லெட்டர் கொடுப்பவர்கள் ஆறு மாதம் பொறுப்பது நல்லது. அமீரகத்தில் ராஜினாமாவுக்கான இந்த வெட்டு 2022 பிப்ரவரியில் வந்த புதிய சட்டத்தோடு போய்விட்டது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இரு நாடுகளிலும் தனி விதிகள். மேலே சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

சிக்கல் எங்கே வருகிறது? இங்கே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று, அங்கே போனதும் நீட்டும் ஒப்பந்தம் இன்னொன்று. இரண்டாவதில் பேசிக் குறைந்திருக்கும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் ஈசிஆர் பாஸ்போர்ட்டுக்கு இமிகிரேட் தளத்தில் பதிவாகும் ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிறகு கேள்வி எழுந்தால் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

இன்னொரு இடம், கடைசி நாள். ‘எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, ‘பணம் அக்கவுன்ட்டில் வரும்’ என்பார்கள். 2020-இல் கொரோனா நேரத்தில் அவசரமாக விமானம் ஏறி வந்தவர்களில் பலர் சம்பள பாக்கியையும் கிராஜுவிட்டியையும் அங்கேயே விட்டு வந்தார்கள். அமீரகச் சட்டப்படி வேலை முடிந்த 14 நாளுக்குள் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். சவுதியில் கம்பெனி அனுப்பினால் ஒரு வாரம், தொழிலாளி விலகினால் இரண்டு வாரம். பணம் வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊருக்கு வந்துவிட்டால் கதவு மூடிவிடாது. அமீரகத்தில் வேலை முடிந்த நாளிலிருந்து 2 ஆண்டு வரை கோரலாம், சவுதியில் 12 மாதம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அணுகலாம். ஒப்பந்த நகல், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், விசா பக்கம், வேலையை முடித்த கடிதம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.